தொடாமலே பாடும் கருவி... லெனின் முதல் 14 வயது பள்ளி மாணவர் வரை! யார் இந்த தெரமின்?

பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் ப்ராஜெக்ட் செய்யணும். பிள்ளைக்கு இசைன்னா உயிர். அப்போ எலக்ட்ரானிக் மியூசிக்ல எதையாவது செய்யலாம்னு முடிவாகிடுச்சு. ஆனா எதைச் செய்வது? இந்தக் கேள்வி பல வீடுகளில் வரும். 1949-ல் நியூயார்க்கில் ஒரு வீட்டிலும் வந்தது.

அந்த வீட்டுப் பையனுக்கு 14 வயது. அப்பா மின்சார நிறுவனத்தில் இன்ஜினியர், வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதா ஒரு பட்டறை வைத்திருந்தார். அம்மாவுக்கு மகன் பியானோ கலைஞனாக வேண்டும் என்று ஆசை. பையனுக்கோ பியானோ முன்னால் உட்காருவதைவிட பட்டறையில் சால்டரிங் அயர்ன் பிடிப்பதுதான் பிடித்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து, கையால் தொடாமலே வாசிக்கக்கூடிய ஓர் இசைக்கருவியைச் செய்தான்.

அந்தப் பையன்தான் ராபர்ட் மூக். பிற்காலத்தில் உலகின் பாட்டுச் சத்தத்தையே மாற்றிய மூக் சிந்தசைசரை உருவாக்கியவர். அவர் செய்த அந்த முதல் கருவியின் பெயர் தெரமின்.

அவர் அதைச் செய்துகொண்டிருந்த நாட்களில், அந்தக் கருவியைக் கண்டுபிடித்த மனிதர் மாஸ்கோவில் ரகசிய ஆய்வகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் அவரை அறிந்த பலர், அவர் இறந்துவிட்டதாகவே நினைத்தார்கள். அந்த மனிதரின் கதைதான் இது.

யார் இந்த தெரமின்?

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1896 ஆகஸ்ட் மாதம் பிறந்தவர் லெவ் செர்கேயெவிச் தெர்மென். முன்னோர்கள் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள். மேற்கு நாடுகளுக்குப் போனபோது லியோன் தெரமின் என்று அறியப்பட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சின்ன வயதிலேயே இவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மின்சாரம், இன்னொன்று இசை. செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை முறையாகக் கற்றுக்கொண்டார். அதே நேரம் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் படித்தார். முதல் உலகப் போர் வந்ததும் ராணுவத்தில் ரேடியோ பிரிவுக்குப் போனார்.

இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லும் காலம் அது. இவர் விடவில்லை. இந்த ஒரு விஷயம்தான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

விசில் அடித்த மெஷின்

1920. ரஷ்யப் புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பெட்ரோகிராடில் ஆப்ரம் ஐயோஃபே என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரின் நிறுவனத்தில் தெரமின் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைக்கும் இசைக்கும் சம்பந்தமே இல்லை. வாயுக்களின் மின் தன்மையை அளக்க ஒரு கருவி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கருவியில் ஏற்படும் சின்னச் சின்ன மாற்றங்களைக் காதால் கேட்க, ஹெட்போன் ஒன்றை இணைத்தார். ஒரு மெல்லிய விசில் சத்தம் வந்தது. கையைக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் ஏறியது. கையை விலக்கினால் இறங்கியது.

வேறு ஆராய்ச்சியாளராக இருந்திருந்தால், இது அளவைக் கெடுக்கிற தொல்லை என்று சொல்லி கருவியைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி வைத்து மூடியிருப்பார். தெரமின் செல்லோ வாசிப்பவர். அவர் காதுக்கு அது தொல்லையாகக் கேட்கவில்லை, ஸ்வரமாகக் கேட்டது. கையை ஆட்டி ஆட்டித் தனக்குத் தெரிந்த மெட்டுகளை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கூட வேலை செய்தவர்களும் கேட்க வந்துவிட்டார்கள்.

சரி, தொடாம எப்படி சத்தம் வருது?

இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

தெரமின் கருவிக்குள் இரண்டு ஆஸிலேட்டர்கள் இருக்கும். ஆஸிலேட்டர் என்றால் ஒரே வேகத்தில் மின் அதிர்வை உண்டாக்கும் சர்க்யூட். இரண்டும் நொடிக்கு லட்சக்கணக்கான முறை அதிரும். மனிதக் காதுக்கு நொடிக்கு சுமார் 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதனால் இந்த இரண்டும் தனித்தனியாக நமக்குக் கேட்காது.

உதாரணமா, ஒன்று நொடிக்கு 3,00,000 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாறவே மாறாது. இன்னொன்று ஓர் ஆன்டெனா கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். உங்கள் கை அந்தக் கம்பிக்கு அருகே வரும்போது, கையும் கம்பியும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல வேலை செய்யும். மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதுதான் காரணம். அந்தச் சின்ன மாற்றத்தால் இரண்டாவது ஆஸிலேட்டரின் வேகம் 2,99,560 ஆகக் குறைகிறது.

இரண்டையும் கலந்தால் அவற்றின் வித்தியாசம் தனியாக வெளியே வரும். 3,00,000-லிருந்து 2,99,560 போனால் 440. நொடிக்கு 440 அதிர்வு என்றால் நம் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். ஆர்கெஸ்ட்ராக்கள் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் ஸ்வரமே அதுதான். கை இன்னும் நெருங்கினால் வித்தியாசம் கூடும், ஸ்வரம் மேலே ஏறும்.

நிமிர்ந்து நிற்கும் கம்பி ஸ்வரத்துக்கு. பக்கவாட்டில் வளையம் போல இருக்கும் இன்னொரு ஆன்டெனா சத்தத்தின் அளவுக்கு. வழக்கமாக வலது கை ஸ்வரத்தைப் பார்த்துக்கொள்ளும், இடது கை சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். இடது கையை வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சத்தம் அடங்கிவிடும்.

தந்தி இல்லை, துளை இல்லை, கட்டை இல்லை. காற்றில்தான் வாசிக்க வேண்டும்.

லெனின் முன்னால் நடந்த கச்சேரி

1922 மார்ச். கிரெம்ளின் மாளிகைக்கு வரச் சொல்லி தெரமினுக்கு அழைப்பு. லெனினுக்கு மின்மயமாக்கலில் பெரிய ஆர்வம். தெரமின் இரண்டு கருவிகளைக் கொண்டுபோனார். ஒன்று இசைக்கருவி. இன்னொன்று யாராவது பக்கத்தில் வந்தால் மணி அடிக்கும் பாதுகாப்பு அலாரம். இரண்டுக்கும் உள்ளே இருந்த தத்துவம் ஒன்றுதான்.

தெரமின் வாசித்துக் காட்டினார். பிறகு லெனினே முயன்று பார்த்தார். முதலில் அவர் கைகளைப் பிடித்து வழிகாட்டினார் தெரமின், அப்புறம் லெனின் தனியாகவே ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் வானம்பாடி பாடலை வாசித்தார்.

அந்த நாளுக்குப் பிறகு கருவியுடன் நாடு முழுக்கச் சுற்ற தெரமினுக்கு ஏற்பாடு ஆனது. இதற்கிடையே அவர் தொலைக்காட்சி ஆராய்ச்சியிலும் இறங்கினார். 1920-களின் நடுவிலேயே நகரும் உருவங்களை அனுப்பிக் காட்டும் கருவியைச் செய்து காட்டினார்.

இசைக்கருவியும் காவல் அலாரமும் ஒரே மேஜையில் இருந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கை முழுக்க அந்த இரண்டும் பிரியவே இல்லை.

நியூயார்க்கில் நட்சத்திரம்

1927-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மனி, பாரிஸ், லண்டன் என்று போன இடமெல்லாம் கூட்டம். அந்த ஆண்டின் கடைசியில் நியூயார்க் போய் இறங்கினார். அங்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

1928-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1929-ல் ஆர்சிஏ என்ற பெரிய ரேடியோ நிறுவனம் தெரமினைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் எளிதாக வாசிக்கலாம் என்கிற ரீதியில் விளம்பரமும் செய்தது.

ஆனா வியாபாரம் படுத்துவிட்டது. சுமார் 500 கருவிகளோடு தயாரிப்பு நின்றது. இரண்டு காரணங்கள். முதலாவது, அதே 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. சாப்பாட்டுக்கே திண்டாடும் நேரத்தில் யார் புதுக் கருவி வாங்குவார்கள்? இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். தெரமினில் சத்தம் வரவைப்பது எளிது, ஸ்வரம் வரவைப்பது மிகக் கடினம். விரலை வைக்க ஓர் இடம் இல்லை. கை ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலும் சுருதி போய்விடும். காதை மட்டும் நம்பி வாசிக்க வேண்டும்.

இதை உலகுக்கே சரியாக வாசித்துக் காட்டியவர் கிளாரா ராக்மோர். இன்றைய லித்துவேனியாவில் பிறந்தவர், குழந்தை மேதையாக வயலின் வாசித்தவர். உடல்நலப் பிரச்சினையால் வயலினை விட வேண்டியதாகிவிட்டது. கைக்கு அழுத்தம் தேவைப்படாத தெரமின் அவருக்கு இரண்டாவது வாழ்க்கையைக் கொடுத்தது. அவர் கேட்டுக்கொண்டதற்கு ஏற்ப, கருவியின் ஸ்தாயி எல்லையை மூன்றிலிருந்து ஐந்தாகக் கூட்டிக் கொடுத்தார் தெரமின். கிளாராவின் பிறந்தநாளுக்கு, அவர் பக்கத்தில் வந்தால் தானாகச் சுழலும் கேக் ஒன்றைக்கூடச் செய்து கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவும் கேட்டார். கிளாரா வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டார். நட்பு மட்டும் நீடித்தது.

நியூயார்க் ஆய்வகத்தில் தெரமின் சும்மா இருக்கவில்லை. இசையமைப்பாளர் ஹென்றி கவல் கேட்டதற்காக 1931-ல் ரித்மிக்கான் என்ற கருவியைச் செய்தார். ஒரே நேரத்தில் பல தாளக்கட்டுகளை வாசிக்கும் மின்னணு இயந்திரம் அது. இன்றைய டிரம் மெஷினுக்கு முன்னோடி. நடனம் ஆடுபவரின் உடல் அசைவே இசையாகும் மேடை ஒன்றையும் உருவாக்கினார்.

இதெல்லாம் வெளியே தெரிந்த பக்கம். தெரியாத பக்கமும் உண்டு. அமெரிக்கத் தொழில் நிறுவனங்களில் கிடைக்கும் தகவல்களைச் சேகரித்து சோவியத் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. முதுமையில் அவரே இதை ஒப்புக்கொண்டார்.

1938: ஒரே நாளில் காணாமல் போனார்

முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்த பிறகு, லவினியா வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பாலே நடனக் கலைஞரைத் தெரமின் மணந்தார். அன்றைய அமெரிக்காவில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளையர் ஒருவர் கறுப்பினப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்பதற்காக, அதுவரை வீட்டுக்கு வந்துபோன பணக்கார நண்பர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். கடனும் வரிப் பாக்கியும் ஏறிக்கொண்டே போனது.

1938 செப்டம்பரில் ஒரு சோவியத் கப்பலில் ஏறி தெரமின் நாடு திரும்பினார். மனைவியைக் கூட்டிப்போகவில்லை. சோவியத் உளவாளிகள் அவரைக் கடத்திவிட்டதாகவே பல ஆண்டுகள் பேசப்பட்டது. பிற்பாடு தெரமின், தானாகவே போனதாகச் சொன்னார். கழுத்தை நெரித்த கடன் அதற்கு ஒரு காரணம் என்கிறார் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆல்பர்ட் கிளின்ஸ்கி.

லவினியா அதன் பிறகு கணவரைப் பார்க்கவே இல்லை. பின்னாளில் ஹைட்டிக்குப் போய் நடனம் கற்றுக்கொடுத்தார். 1989-ல் இறந்தார்.

சிறைக்குள் விஞ்ஞானி

தெரமின் திரும்பிய நேரம் மிக மோசமானது. ஸ்டாலினின் களையெடுப்புக் காலம். வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்றாலே சந்தேகம். 1939 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். எட்டு ஆண்டு தண்டனை.

முதலில் கோலிமா. உறைபனிக்கும் சுரங்கங்களுக்கும் பேர்போன, பல்லாயிரம் கைதிகள் உயிரை விட்ட பகுதி. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் கச்சேரி செய்த மனிதர் அங்கே கட்டாய உழைப்பில் இருந்தார்.

அவரைக் காப்பாற்றியது படிப்பு. போர் நெருங்கிய நேரத்தில் அரசுக்கு இன்ஜினியர்கள் தேவைப்பட்டார்கள். சிறை போலவே இருக்கும் ரகசிய ஆய்வகங்களுக்குக் கைதி விஞ்ஞானிகள் மாற்றப்பட்டார்கள். விமான வடிவமைப்பாளர் துபோலெவ், பிற்காலத்தில் சோவியத் ராக்கெட்டுகளை உருவாக்கிய கொரோலியோவ் ஆகியோர் இருந்த அமைப்பிலேயே தெரமினும் சேர்க்கப்பட்டார். உணவு கிடைத்தது, படுக்கை கிடைத்தது, சுதந்திரம் மட்டும் இல்லை.

சுவரில் தொங்கிய பரிசு

1945 ஆகஸ்ட் 4. மாஸ்கோவில் சோவியத் பள்ளிக் குழந்தைகள் அமெரிக்கத் தூதர் ஹாரிமேனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்காவின் தேசிய முத்திரையான கழுகு செதுக்கிய அழகான மரப்பலகை. நட்பின் அடையாளம். தூதர் அதைத் தன் இல்லத்தில் உள்ள படிப்பறையில் மாட்டினார்.

உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. செய்தவர் தெரமின்.

அதில் பேட்டரி இல்லை, வயர் இல்லை. ஒரு சின்ன உலோகக் குழி, அதன் மேல் மெல்லிய தகடு, ஒரு குட்டி ஆன்டெனா, அவ்வளவுதான். வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன் மேல் செலுத்தினால் மட்டுமே அது உயிர் பெறும். அறையில் யாராவது பேசினால் தகடு அதிரும். அந்த அதிர்வால் திரும்பிப் போகும் ரேடியோ அலை மாறும். தொலைவில் இருப்பவர் அதைப் பிடித்துப் பேச்சைக் கேட்பார். ரேடியோ அலையை அனுப்பாத நேரத்தில் அது வெறும் மரமும் உலோகமும்தான். அதனால் சோதனைகளில் சிக்கவில்லை.

ஏழு ஆண்டுகள், பல தூதர்கள் மாறியும், அந்தப் பலகை அங்கேயே தொங்கியது. 1952-ல்தான் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தார்கள். 1960-ல் ஐநா பாதுகாப்பு கவுன்சிலில் அதை உலகத்துக்கே காட்டினார்கள்.

கம்பிக்கு அருகே வரும் கையால் சர்க்யூட் மாறியது, 1920-ல். பேச்சில் அதிரும் தகட்டால் ரேடியோ அலை மாறியது, 1945-ல். ஒரே மூளை, ஒரே பார்வை. முதலாவது இசையானது, இரண்டாவது உளவானது.

ஜன்னல் கண்ணாடியின் அதிர்வைத் தூரத்திலிருந்தே பிடித்துப் பேச்சைக் கேட்கும் இன்னொரு கருவியையும் உருவாக்கினார். 1947-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. விடுதலையும் கிடைத்தது. மறுபடி திருமணம், இரட்டைப் பெண் குழந்தைகள். ஆனால் ரகசிய வேலையை விட்டு அவர் வெளியே வர 1960-கள் ஆகிவிட்டன.

ஒரு செய்தி பறித்த வேலை

அவர் வெளியுலகில் இல்லாத அந்த ஆண்டுகளில் அவரது கருவி ஹாலிவுட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. 1945-ல் வந்த ஹிட்ச்காக்கின் ஸ்பெல்பவுண்ட், 1951-ல் வந்த தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில் ஆகிய படங்களில் தெரமின் ஒலியைக் கேட்கலாம். பயம், பேய், வேற்றுக்கிரகம் என்றாலே அந்த நடுங்கும் குரல் என்று ஆனது. கண்டுபிடித்தவருக்கு இதிலிருந்து காசும் இல்லை, பெயரும் இல்லை.

ரகசிய வேலையிலிருந்து வந்ததும் தெரமின் மாஸ்கோ இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 70 வயதில் மறுபடி இசைக்கருவிகள் செய்ய ஆரம்பித்தார். 1967-ல் அங்கே வந்த நியூயார்க் டைம்ஸ் இசை விமர்சகர் ஹெரால்ட் ஷோன்பெர்க், தெரமின் உயிரோடு இருப்பதைப் பார்த்து எழுதினார்.

நல்ல செய்திதானே? அதுவே வினையானது. கட்டுரை நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. மின்சாரத்துக்கு இசையில் இடமில்லை என்ற முடிவோடு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் செய்த கருவிகளும் ஒழிக்கப்பட்டன. பிறகு மாஸ்கோ பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சாதாரண வேலை ஒன்றில் சேர்ந்தார். உறவுக்காரச் சிறுமி லிடியா கவினாவுக்கு 9 வயதிலிருந்து தெரமின் கற்றுக்கொடுத்தார். லிடியா இன்று உலகின் முன்னணி தெரமின் கலைஞர்களில் ஒருவர்.

நியூயார்க் பையன் என்ன ஆனான்?

இப்போ 1949-க்குத் திரும்புவோம். பள்ளி மாணவன் ராபர்ட் மூக் ஒரு தெரமினோடு நிற்கவில்லை. தானே வடிவமைக்க ஆரம்பித்தார். 1954 ஜனவரியில், 19 வயதில், தெரமின் செய்வது எப்படி என்று பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அப்பாவுடன் சேர்ந்து தெரமின் விற்கத் தொடங்கினார். 1961-ல் டிரான்சிஸ்டரில் இயங்கும் தெரமின் கிட் கொண்டுவந்தார். வாங்குபவரே வீட்டில் பொருத்திக்கொள்ளலாம். சுமார் ஆயிரம் கிட்டுகள் விற்றன.

அப்படி மூக்கின் தெரமினைப் பொருத்திப் பார்த்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் டாய்ச், இசையமைப்பாளர். பள்ளி இசை ஆசிரியர்களுக்கான மாநாடு ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, 1964-ல் மூக் சிந்தசைசராக வந்தது. பள்ளிப் பருவத்தில் கையில் எடுத்த ப்ராஜெக்ட், ஒரு தொழிலாகவே மாறியது.

95 வயதில் மீண்டும் நியூயார்க்

1980-களின் கடைசியில் சோவியத் கதவுகள் திறந்தன. 1989-ல் தெரமின் பிரான்ஸில் நடந்த மின்னணு இசை விழாவுக்குப் போனார். 1991-ல், நாடு கலைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 94 வயதில் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். சிறையில் போட்ட நாட்டின் மேல் அவருக்கு என்ன கணக்கு இருந்ததோ, அவருக்கே வெளிச்சம்.

அதே ஆண்டு அமெரிக்கா போனார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவரைக் கௌரவித்தார்கள். மூக்கும் வந்திருந்தார். நியூயார்க்கில் கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். 1938-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அதே நகரத் தெருக்களில் நடந்தார். 1993 நவம்பர் 3 அன்று மாஸ்கோவில் 97 வயதில் காலமானார்.

சரி, பள்ளி மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

தெரமினின் கதையிலிருந்து பிள்ளைகளுக்கு மூன்று ப்ராஜெக்ட்கள் கிடைக்கின்றன. மூன்றும் தொடாமல் வாசிக்கும் கருவிகள்தான். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

முதலாவது, ஒளித் தெரமின். ஒரு 555 ஐசி, எல்டிஆர் எனப்படும் ஒளி உணரி, சில ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர், சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி போதும். வெளிச்சம் கூடினால் எல்டிஆரின் மின்தடை குறையும், ஸ்வரம் ஏறும். கை நிழல் விழுந்தால் ஸ்வரம் இறங்கும். நிஜத் தெரமினுக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் புதுசா தொடங்குறவங்களுக்கு இதுதான் சரி. பிரெட்போர்டில் செய்தால் சால்டரிங்கூட வேண்டாம்.

இரண்டாவது, ஆர்டுயினோ தெரமின். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலித் துடிப்பை அனுப்பி, கையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கை 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், போய் வர 60 செ.மீ., அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒன்றே முக்கால் பங்கு. அந்தத் தூரத்தை ஸ்வரமாக மாற்றுவது நீங்கள் எழுதும் புரோகிராம். கோடிங் பிடித்த பிள்ளைகளுக்கு இது நல்ல தேர்வு. தவறான ஸ்வரங்களை ஒதுக்கி, வேண்டிய ஸ்வரங்களில் மட்டும் நிற்கும்படியும் செய்யலாம்.

மூன்றாவது, நிஜமான தெரமின். இரண்டு ஆஸிலேட்டர், ஓர் ஆன்டெனா. 1920-ல் நடந்ததை மறுபடி செய்வது. இதுதான் கடினம். மேஜையில் இரும்பு இருந்தால் மாறும், பக்கத்தில் ஆள் நின்றால் மாறும், அறை சூடானாலும் சுருதி நகரும். பொறுமையும், சர்க்யூட் தெரிந்த ஆசிரியரின் துணையும் வேண்டும். கிட் வாங்கிச் செய்வதில் தப்பே இல்லை. மூக்கும் அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்துத்தான் தொடங்கினார்.

எந்தக் கருவியாக இருந்தாலும் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். வீட்டுக் கரண்ட் இணைப்பையோ பழைய ரேடியோ, டிவியையோ திறக்க வேண்டாம்.

ப்ராஜெக்ட்டா, பொம்மையா?

சத்தம் வந்தால் மட்டும் அது ப்ராஜெக்ட் ஆகிவிடாது. அதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

ஓர் எளிய வழி. கருவிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். கையை 5 செ.மீ., 10, 15, 20 என்று நகர்த்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஸ்வரம் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று போனில் இருக்கும் டியூனர் ஆப்பில் பார்த்து எழுதுங்கள். கிராஃப் போடுங்கள். கோடு நேராக வருகிறதா, வளைகிறதா? ஏன்? நிஜத் தெரமினில் கை கம்பியை நெருங்க நெருங்க ஸ்வரம் இன்னும் வேகமாக ஏறும். ஆர்டுயினோவில் அது நீங்கள் எழுதிய கணக்கைப் பொறுத்தது. இரண்டையும் ஒப்பிட்டாலே நடுவர்கள் நின்று கேட்பார்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கையில் எத்தனை வாரம் இருக்கு? உதவ யார் இருக்காங்க? செய்து முடித்ததும் உள்ளே என்ன நடக்குதுன்னு யார் துணையும் இல்லாம விளக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வரும் ப்ராஜெக்ட்தான் சரியான ப்ராஜெக்ட். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

செய்யும்போது ஏதாவது தப்பாகும். தேவையில்லாத விசில் வரும். உடனே அதை மூடிவிட வேண்டாம். கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1920-ல் பெட்ரோகிராடில் ஒரு செல்லோ கலைஞர் அதைத்தான் செய்தார்.